தென்காசிப் பையனுக்கும் பங்கு உண்டு! அமெரிக்கா கம்பெனியைப் பணிய வைத்த ரசிகர்கள்

குத்துக்கல்வலசையில் இருக்கும் ஒரு பையன் கையில் செல்போன் இருந்தால் போதும். அமெரிக்காவில் உள்ள பெரிய கம்பெனி ஒன்றின் விளையாட்டு விதிகளை அவன் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். அதைத் தமிழில் எழுதலாம். தென்காசியில் அச்சடிக்கலாம். குற்றாலம் சீசனில் கடை போட்டு விற்கலாம். லாபம் முழுவதும் அவனுக்கே! கம்பெனி ஒரு பைசா கேட்க முடியாது. கோர்ட்டுக்கும் இழுக்க முடியாது.

இது கதை அல்ல. சட்டப்படி கிடைத்த உரிமை.

இந்த உரிமையைக் கம்பெனி தானாகக் கொடுத்துவிடவில்லை. விளையாட்டின் ரசிகர்கள் சண்டை போட்டு வாங்கினார்கள். புத்தகம் திருத்தி வரவேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள், புத்தகத்தின் உரிமையையே கையில் வாங்கிவிட்டார்கள்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

செருப்புத் தைத்தவர் கண்ட ஆட்டம்

விளையாட்டின் பெயர் "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்." பாதாளக் குகைகளும் பறக்கும் நாகங்களும் என்று தமிழில் சொல்லலாம். ரசிகர்கள் சுருக்கமாக "டி அண்ட் டி" என்கிறார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் இருவர். ஒருவர் கேரி கைகாக்ஸ். இன்னொருவர் டேவ் ஆர்னசன். கைகாக்ஸ் இன்சூரன்சு கம்பெனியில் வேலை பார்த்தவர். 1970-ல் வேலை போயிற்று. பிழைப்புக்குச் செருப்புத் தைத்தார். ஓய்ந்த நேரத்தில் போர் விளையாட்டுகளுக்கு விதி எழுதினார்.

1974-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சின்ன ஊரில் இருந்து இந்த ஆட்டம் வெளிவந்தது. ஒரு பெட்டி. அதற்குள் மூன்று சின்னப் புத்தகங்கள். விலை 10 டாலர். முதலில் அச்சடித்தது 1,000 பெட்டிதான்.

இன்று உலகம் முழுவதும் இதற்கு ரசிகர்கள். 2016-ல் வந்த "ஸ்டிரேஞ்சர் திங்ஸ்" தொடரில் பையன்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்களே, அது இந்த ஆட்டம்தான். 2023-ல் சினிமாவும் வந்தது.

எப்படி ஆடுவது?

இதற்குக் கட்டம் வேண்டாம். காய் வேண்டாம். காகிதம், பென்சில், பகடை இருந்தால் போதும். நாலைந்து பேர் சேரவேண்டும். அவ்வளவுதான்.

ஒருவர் கதை சொல்லி. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேடம் எடுப்பார்கள். ஒருவன் வாள் வீரன். ஒருவன் மந்திரவாதி. ஒருவன் திருடன். ஒருத்தி வைத்தியம் தெரிந்த பூசாரி.

நெல்லைச் சீமைக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க வில்லுப்பாட்டே போதும். வில்லுப்பாட்டில் புலவர் கதை சொல்வார். பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். இந்த ஆட்டத்தில் பக்கத்தில் இருப்பவர் "மாட்டேன்" என்றும் சொல்லலாம். சொன்னால் கதையே வேறு பக்கம் திரும்பிவிடும்!

குத்துக்கல்வலசையில் ஒரு வீட்டுத் திண்ணையில் இந்த ஆட்டம் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கதை சொல்லி: "தேனருவிக்கு மேலே ஒரு குகை. வாசல்ல ராட்சசன் காவல் நிக்கான். என்னலே செய்யப் போறீய?"

திருடன் வேடம் எடுத்தவன்: "அண்ணே, நான் சத்தம் போடாம பின்பக்கமாப் போறேன்."

"அப்படியா? உருட்டுலே பகடையை!"

பகடைக்கு 20 முகம். 9 விழுகிறது. பதுங்கிப் போவதில் அவனுக்கு உள்ள திறமைக்கு 5 சேர்க்க வேண்டும். மொத்தம் 14. ராட்சசன் கண்ணில் படாமல் தப்ப 15 வேண்டும்.

"போச்சு! உன் கால் பட்டு ஒரு கல்லு உருண்டுட்டு. ராட்சசன் திரும்பிப் பாக்கான்."

ஒரே ஒரு எண்ணில் தவறிவிட்டது! இனி ஓடுவதா, சண்டை போடுவதா என்பது அவர்கள் பாடு. இதுதான் ஆட்டம். ஜெயித்தவன், தோற்றவன் என்று இதில் கிடையாது. கதை முடியும்வரை எல்லோரும் ஒரே கட்சி.

விதி இல்லாவிட்டால் வம்பு

ஆடுபுலி ஆட்டம் தெரியாதவர்கள் நம் பக்கம் உண்டா? புலி 3, ஆடு 15 என்று பல ஊரில் ஆடுகிறார்கள். வேறு ஊரில் எண்ணிக்கை வேறு. விதி பெரியவர்கள் வாயில் இருக்கிறது. சம்பந்தம் பண்ணப் போன இடத்தில் ஆட உட்கார்ந்தால், "எங்க ஊர்ல இப்படி இல்லியே" என்ற பேச்சு வந்தே தீரும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான் நடந்தது. 1974-ல் வந்த மூன்று சின்னப் புத்தகங்களும் குழப்பமாக இருந்தன. படித்தவர்கள் தலையைச் சொறிந்தார்கள். புரியாத இடத்தை அவரவர் ஊரில் அவரவர் இட்டு நிரப்பிக்கொண்டார்கள்.

ஆகவே திருத்திய புத்தகம் வேண்டும் என்ற கோரிக்கை அன்றே தொடங்கிவிட்டது. 1977-ல் பூதங்கள் பற்றிய புத்தகம் வந்தது. 1978-ல் ஆடுகிறவர்களுக்குத் தனிப் புத்தகம். 1979-ல் கதை சொல்லிக்குத் தனிப் புத்தகம். அன்று முதல் இன்று வரை மூன்று புத்தகம் என்பதே கணக்கு.

மாற்றினாலும் சண்டை, மாற்றாவிட்டாலும் சண்டை

1989-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. அதற்கு முன் பல ஆண்டுகளாக, "இந்த ஆட்டம் பிள்ளைகளுக்குப் பேய் வழிபாடு சொல்லிக் கொடுக்கிறது" என்று அமெரிக்காவில் பெற்றோர் சிலர் கூச்சல் போட்டு வந்தார்கள். அதற்குப் பயந்து, இரண்டாம் பதிப்பில் பிசாசுகளின் பெயரையே மாற்றினார்கள்.

1997-ல் பழைய கம்பெனி கைமாறியது. "விசார்ட்ஸ் ஆப் தி கோஸ்ட்" என்ற கம்பெனி வாங்கியது. 1999-ல் அந்தக் கம்பெனியையே "ஹாஸ்புரோ" வாங்கிவிட்டது. மோனோபலி விற்கும் பொம்மைக் கம்பெனிதான் இந்த ஹாஸ்புரோ.

2000-ல் மூன்றாம் பதிப்பு. 2003-ல் அதற்குத் திருத்தம். 2008-ல் நான்காம் பதிப்பு.

நான்காம் பதிப்பு பலருக்குப் பிடிக்கவில்லை. "இது கம்ப்யூட்டர் விளையாட்டு மாதிரி இருக்கிறது" என்றார்கள். "பைசோ" என்ற வேறு கம்பெனி அந்தச் சமயம் பார்த்துக் களத்தில் குதித்தது. பழைய விதிகளை எடுத்தது. கொஞ்சம் மெருகு ஏற்றியது. 2009-ல் "பாத்பைண்டர்" என்ற பெயரில் வெளியிட்டது. ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக அந்தப் பக்கம் போனார்கள்.

ஒரு கம்பெனியின் விதிகளை இன்னொரு கம்பெனி எப்படி எடுக்கலாம்? காரணம் இருக்கிறது. 2000-ல் விசார்ட்ஸ் கம்பெனியே ஓர் உரிமப் பத்திரம் எழுதி வைத்திருந்தது. "எங்கள் அடிப்படை விதிகளை வைத்து யார் வேண்டுமானாலும் புத்தகம் போடலாம்" என்பது அதன் சாரம். அதை நம்பி எத்தனையோ சின்னக் கம்பெனிகள் பிழைத்தன. வீட்டில் இருந்தபடியே கதை எழுதி விற்றவர்களும் உண்டு.

இந்தப் பத்திரம்தான் பின்னால் பெரிய சண்டைக்குக் காரணம் ஆயிற்று.

ரசிகர்கள் ஆசைப்பட்டது என்ன?

அடிபட்ட பிறகு கம்பெனிக்குப் புத்தி வந்தது. 2012 முதல் ரசிகர்களிடமே வரைவு விதிகளைக் கொடுத்து ஆடிப் பார்க்கச் சொன்னது. 2014-ல் ஐந்தாம் பதிப்பு வந்தது. சக்கைப் போடு போட்டது!

2022 ஆகஸ்டு 18-ந் தேதி அடுத்த அறிவிப்பு வந்தது. "ஐந்தாம் பதிப்பைத் திருத்தப் போகிறோம். வரைவைத் தருகிறோம். ஆடிப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றது கம்பெனி.

ரசிகர்களுக்கு ஆசைகள் ஏராளம். முக்கியமானவை இவை:

மந்திரவாதிக்கு நூறு வித்தை தெரிகிறது. வாள் வீரனுக்கோ வெட்டு ஒன்றுதான். இந்த ஏற்றத்தாழ்வு ஒழியவேண்டும்.

வெறுங்கையால் சண்டை போடும் துறவி வீரன் மற்றவர்கள் முன் நோஞ்சானாக நிற்கிறான். அவனுக்குப் பலம் வேண்டும்.

காட்டில் திரியும் வேட்டைக்காரன் வேடத்தைச் சரிசெய்ய வேண்டும்.

புதிதாகக் கதை சொல்ல வருகிறவன் விழிக்கிறான். அவனுக்குப் புரிகிற மாதிரி புத்தகம் வேண்டும்.

வரைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிடிக்காததை ரசிகர்கள் தயவு தாட்சண்யம் இல்லாமல் தூக்கி எறிந்தார்கள். மிருகமாக உருமாறும் காட்டுப் பூசாரிக்கு, எந்த மிருகம் ஆனாலும் ஒரே அச்சு என்று 2023-ல் ஒரு வரைவு வந்தது. "புலியும் கரடியும் ஒன்றா?" என்று ரசிகர்கள் சீறினார்கள். கம்பெனி வரைவைச் சுருட்டிக்கொண்டது. பழையபடி புலிக்குப் புலிக் கணக்கு, கரடிக்குக் கரடிக் கணக்கு என்று ஆயிற்று.

கசிந்தது ரகசியம்!

இதற்கு நடுவே விழுந்தது இடி.

2023 ஜனவரி 5-ந் தேதி. கம்பெனி ரகசியமாகத் தயாரித்த புதிய உரிமப் பத்திரம் வெளியே கசிந்தது. அமெரிக்கப் பத்திரிகை ஒன்று அதைப் போட்டு உடைத்தது.

2000-ல் எழுதிய பழைய பத்திரம் இனிச் செல்லாது! இனிமேல் ஆண்டுக்கு 7 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு மேல் வரவு உள்ளவர்கள், அதற்கு மேல் வருகிற பணத்தில் 25 சதவீதம் கம்பெனிக்குக் கட்டவேண்டும். லாபத்தில் அல்ல, வரவில்! இதுதான் அதில் இருந்த செய்தி.

ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். 20 ஆண்டுகளுக்கு மேல் பத்திரத்தை நம்பித் தொழில் செய்தவர்கள் கதி என்ன? வாடகைக்கு விட்ட வயலில் குடியானவன் கிணறு வெட்டி, தென்னை வைத்து ஆளாக்கிய பிறகு, "தேங்காயில் கால் பங்கு கொடு" என்றால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி ஆயிற்று.

யாரும் தெருவில் இறங்கிக் கல் எறியவில்லை. கையில் இருந்த ஆயுதத்தை எடுத்தார்கள். கம்பெனிக்கு மாதச் சந்தா கட்டி வந்தவர்கள் சந்தாவை நிறுத்தினார்கள். திறந்த கடிதம் ஒன்றில் பல்லாயிரம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். பைசோ கம்பெனி, "நாங்களே ஒரு புதிய உரிமப் பத்திரம் எழுதுகிறோம்; எல்லோரும் வாருங்கள்" என்று அழைத்தது.

பணிந்தது கம்பெனி

கம்பெனி இறங்கி வந்தது. திருத்திய வரைவு ஒன்றைக் காட்டி, "இது சரியா?" என்று ரசிகர்களிடம் கேட்டது. 15 ஆயிரம் பேருக்கு மேல் பதில் எழுதினார்கள். பழைய பத்திரத்தைச் செல்லாது என்பதை ஏற்க முடியாது என்றவர்கள் 89 சதவீதம். புதிய பத்திரத்தின்கீழ் புத்தகம் போட மாட்டோம் என்றவர்கள் 88 சதவீதம்.

2023 ஜனவரி 27-ந் தேதி கம்பெனி வெள்ளைக்கொடி காட்டியது. பழைய பத்திரம் அப்படியே செல்லும் என்று அறிவித்தது. அதோடு விடவில்லை. 403 பக்கம் உள்ள அடிப்படை விதித் தொகுப்பை "கிரியேட்டிவ் காமன்ஸ்" என்ற பொது உரிமத்தில் போட்டுவிட்டது.

இந்தப் பொது உரிமம் ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி. யார் வேண்டுமானாலும் இறைக்கலாம். இறைத்த தண்ணீரில் பயிர் வைத்து விற்கலாம். கிணற்றைக் கொடுத்தவர் பெயரைச் சொல்லவேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை. கொடுத்தவர் நாளைக்கு மனம் மாறினாலும் திரும்ப வாங்க முடியாது!

கசிந்தது 5-ந் தேதி. பணிந்தது 27-ந் தேதி. மூன்றே வாரத்தில் காரியம் முடிந்தது.

புதிய புத்தகத்தில் என்ன இருக்கிறது?

திருத்திய புத்தகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆடுகிறவர் புத்தகம் 2024 செப்டம்பர் 17-ந் தேதி. கதை சொல்லி புத்தகம் நவம்பர் 12-ந் தேதி. பூதப் புத்தகம் 2025 பிப்ரவரி 18-ந் தேதி.

ஆசைப்பட்டதில் பாதிக்கு மேல் நடந்திருக்கிறது. வாள் வீரனுக்கு ஆயுத வித்தை கிடைத்தது. ஆயுதத்துக்கு ஆயுதம் வித்தை வேறு. கம்பு எடுத்து அடித்தால் எதிரி மண்ணைக் கவ்வலாம். சிலம்பம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவை இல்லை. துறவி வீரனும் தேறிவிட்டான். காயம் ஆற்றும் மந்திரத்துக்கு முன்பு ஒரு பகடை. இப்போது இரண்டு பகடை. வேட்டைக்காரன் விஷயத்தில் மட்டும் முணுமுணுப்பு இன்னும் தீரவில்லை.

இன்னொரு மாற்றம் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது. முன்பு வேடத்துக்குத் திறமைப் புள்ளி பிறந்த இனத்தை வைத்துக் கிடைத்தது. குள்ளனாகப் பிறந்தால் இவ்வளவு, வனதேவதைக் குலத்தில் பிறந்தால் அவ்வளவு என்று கணக்கு. புதிய புத்தகத்தில் அது போய்விட்டது. "இனம்" என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். இப்போது புள்ளி கிடைப்பது, முன்னால் அவன் என்ன தொழில் செய்தான் என்பதை வைத்து. விவசாயியா, மாலுமியா, வியாபாரியா, எழுத்தரா? இப்படி 16 வகை. பிறப்பைப் பார்க்காதே, செய்த வேலையைப் பார் என்கிறது புத்தகம்! பழைய ரசிகர்கள் சிலருக்கு இதில் வருத்தம். புதியவர்களுக்கு மகிழ்ச்சி.

புலித்தலை ராட்சசன்

நம் நாட்டுச் சரக்கு இந்த ஆட்டத்துக்குப் புதிது அல்ல. 1977-ல் வந்த முதல் பூதப் புத்தகத்திலேயே "ராட்சசா" இருக்கிறான். படத்தில் புலித்தலை, வாயில் சுங்கான். மந்திரித்த அம்பு பட்டால் செத்துவிடுவான் என்று விதி. இது எந்தப் புராணத்தில் இருக்கிறது என்று தேட வேண்டாம். 1974-ல் அமெரிக்கா டெலிவிஷனில் வந்த பேய்த் தொடர் ஒன்றைப் பார்த்துத்தான் கைகாக்ஸ் அப்படி எழுதினார்!

1980-ல் வந்த இன்னொரு புத்தகம் அதற்கும் ஒரு படி மேலே போயிற்று. இந்திரன், காளி முதலிய தெய்வங்களுக்கு உயிர்ப் புள்ளி எத்தனை என்று கணக்குப் போட்டுவிட்டது. இங்கே யாராவது அப்படிச் செய்தால் ஊர் சும்மா விடுமா?

நம்மவர் எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2022-ல் கம்பெனி வெளியிட்ட ஒரு கதைத் தொகுப்பில், வங்காளத்தைச் சேர்ந்த மிமி மண்டல் என்ற பெண் எழுத்தாளர் ஒரு கதை எழுதினார். ஆறும் சதுப்புக் காடும் நிறைந்த ஒரு நாடு அதில் வருகிறது. டெலிவிஷனைப் பார்த்து எழுதிய ராட்சசன் எங்கே, மண் தெரிந்தவர் எழுதிய கதை எங்கே!

தமிழில் வருமா?

இப்போது குத்துக்கல்வலசைக்கு வருவோம்.

புதிய புத்தகங்கள் மூன்று. ஒவ்வொன்றும் 384 பக்கம். மொத்தம் 1,152 பக்கம். அத்தனையும் இங்கிலீஷ். புத்தகம் ஒன்றுக்கு அமெரிக்காவில் 49 டாலர் 99 காசு. மூன்றுக்கும் நம் பணத்தில் 12 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. தமிழில் படிக்கும் பள்ளிக்கூடத்துப் பையனுக்கு இது எட்டாக்கனி.

ஆனால் பொது உரிமத்தில் உள்ள விதித் தொகுப்புக்கு விலை கிடையாது. அதைப் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலி, ஸ்பானிஷ் மொழிகளில் கம்பெனியே வெளியிட்டது. 2025 ஏப்ரலில் புதிய திருத்திய விதிகளின் தொகுப்பையும் அதே உரிமத்தில் போட்டுவிட்டது. தமிழுக்கு யாரையும் கெஞ்ச வேண்டாம். மொழிபெயர்க்கத் தெரிந்த இரண்டு பேர் உட்கார்ந்தால் ஆயிற்று.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. எந்தத் தொகுப்பில் இருந்து எடுத்தது என்று புத்தகத்தில் போடவேண்டும். கம்பெனியின் படங்களை எடுக்கக்கூடாது. ஆட்டத்தின் பெயரை அட்டையில் முத்திரையாகப் போட்டு விற்கக்கூடாது. தொகுப்பில் இல்லாத பூதங்களைத் தொடக்கூடாது.

அதனால் நமக்கு நஷ்டம் என்ன? நம்மிடம் கதைக்குப் பஞ்சமா? பொதிகை மலை இருக்கிறது. அருவிகள் இருக்கின்றன. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் இருக்கிறது. ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். மாடனும் இசக்கியும் நம் பக்கம் கும்பிடுகிற தெய்வங்கள். அவர்களைப் பூதக் கணக்கில் சேர்த்தால், 1980-ல் அமெரிக்காக்காரர் செய்த அதே தப்பை நாமும் செய்ததாக ஆகும்.

தமிழ்ப் புத்தகம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியது இல்லை. இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் படித்துச் சொன்னால், மற்ற நாலு பேரும் கேட்டு ஆடலாம். 20 முகப் பகடை கிடைக்காவிட்டால், 1 முதல் 20 வரை சீட்டு எழுதிக் குலுக்கிப் போடலாம்.

விதியில் சந்தேகம் வந்து திண்ணையில் சண்டை மூண்டால்? கதை சொல்லி சொல்வதே தீர்ப்பு. அதையும் விதிப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்!